ஒரு ஜெபக்குறிப்பைக் கைமாற்ற, கிழக்குத் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை

கிழக்குத் தாம்பரத்தில் ஏறி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், வண்டலூர் வழியாகத் திரும்பிவர முடியுமா, அதுவும் சொந்த வண்டி இல்லாமல்? இந்த வலைப்பதிவைப் படிக்கும் மூன்று பேர் தனித்தனியாக இதைக் கேட்டிருந்தீர்கள். முடியும். போன மாதம், லெந்து நாட்கள், அதாவது தவக்காலம், தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, நான் போய்வந்தேன். மொத்தம் ஏறத்தாழ 67 கிலோமீட்டர், ஒன்பதே கால் மணி நேரம், பயணச்செலவு 135 ரூபாய்.

ஆனால் ஊர் சுற்றிப் பார்க்கப் போனேன் என்று சொன்னால் அது பொய். ஒரு பொறுப்பைக் கைகழுவிவிட்டு வரப் போனேன். அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தப் பயணத்தை எழுத முடியவில்லை. பேருந்து விவரம் மட்டும் போதும் என்கிறவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே ஆயரின் கீழ் இருக்கும் தாய்ச்சபையும் கிளைச்சபைகளும் சேர்ந்த வட்டத்தில், சனிக்கிழமைதோறும் சங்கிலி ஜெபம் உண்டு. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில். உங்கள் மணி முடிந்ததும் அடுத்தவருக்குப் போன் செய்து "முடிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவர் தொடங்குவார். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற குறிப்பை ஆயரின் மனைவி, எங்கள் எல்லோருக்கும் ஆயரம்மா, சிறிய உறையில் போட்டுத் தருவார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக. என் மணி பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. எனக்கு வந்தவை இரண்டு குடும்பங்கள், இரண்டுமே கிளைச்சபைகளைச் சேர்ந்தவை, நேரில் பார்த்ததில்லை. அதற்கு மேல் சபை, நாடு, மழை என்று பொதுவான விஷயங்கள்.

இதில் எனக்கு என்ன கஷ்டம் என்றால், பதினான்கு மாதங்களாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஏதாவது துக்கம் நடந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் எல்லோரும் சுகம், வேலையும் இருக்கிறது. ஒருநாள் கண்ணை மூடினேன், கண்ணை மூடியிருக்கிறேன் என்பது மட்டும்தான் தெரிந்தது. அதற்கப்புறம் எப்போது மூடினாலும் அப்படியேதான். ஆராதனையில் எல்லோரும் பாடும்போது நானும் வாயசைப்பேன், மின்விசிறி எத்தனை சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நான் ஒரு பல் மருத்துவமனையில் முன்பதிவு மேஜையில் உட்காருகிறவள். அங்கே "அடுத்தது யாரு, உள்ள வாங்க" என்று கூப்பிடுகிற அதே குரலில்தான் சனிக்கிழமைகளில் அந்த இரண்டு குடும்பங்களின் பெயரையும் கடவுளிடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்குப் போனை எடுத்து "முடிச்சிட்டேன்" என்று சொல்லும்போதெல்லாம் உடம்பு கூசும்.

ஆகவே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். விட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரம்தான் என்னிடம் மிச்சமிருந்தது. அதை விட்டால் அடுத்து ஞாயிற்றுக்கிழமையை விடுவேன், பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் புடவை கட்டிக்கொண்டு போகிறவளாக ஆகிவிடுவேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாராவாரம் பொய் சொல்வது அதைவிடப் பயமாக இருந்தது.

விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சங்கிலியில் ஓட்டை விழக்கூடாது என்பதால், விடுகிறவரே மாற்று ஆள் பிடித்து, குறிப்பை நேரில் கொடுத்துவிட்டு வர வேண்டும். எனக்கு அடுத்த மணிக்காரி சுகந்தி ஒப்புக்கொண்டாள். என்னோடு எட்டு வருடம் அதே மருத்துவமனையில் வேலை பார்த்தவள், கணவருக்கு வேலை மாறியதால் நான்கு வருடங்களுக்கு முன்பு கேளம்பாக்கத்துக்குக் குடிபோனவள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "ரெண்டு வீட்டுக்கும் போய், இப்ப என்ன நிலைமைன்னு கேட்டு எழுதிட்டு வா. அரைகுறையா எல்லாம் நான் வாங்கிக்க மாட்டேன்." ஒரு குடும்பம் மாடம்பாக்கத்தில், இன்னொரு குடும்பத்தின் மகள் சிறுசேரியில் வேலை செய்கிறாள். இரண்டுமே கேளம்பாக்கத்துக்குப் போகிற வழியில்தான் இருந்தன. நீங்கள் கேட்ட வழியும் அதுவே என்பதால், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பினேன்.

காலை 7.50க்குக் கிழக்குத் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ. ராஜகீழ்ப்பாக்கம் வரை 4.5 கிலோமீட்டர், 20 ரூபாய். ஆறு பேர் உட்காரக்கூடிய இடத்தில் எட்டு பேர் ஏறிய பிறகும் ஓட்டுநர், "அட்ஜஸ்ட் பண்ணி குந்துங்கக்கா, இன்னும் ஒராள் வந்துகினு கீறாரு" என்றார். வந்தவர் ஒரு மிக்ஸியையும் கூடவே கொண்டு வந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி, வலதுபக்கம் திரும்பும் சாலையில் இன்னொரு ஷேர் ஆட்டோ பிடித்தேன். மாடம்பாக்கம் 2.5 கிலோமீட்டர், 15 ரூபாய்.

மாடம்பாக்கம் வரை வருகிறவர்கள் அங்கிருக்கும் சோழர் காலத்துச் சிவன் கோயிலைப் பார்க்காமல் போகாதீர்கள். கருவறைக் கூரையின் பின்பக்கம் யானை படுத்திருப்பதுபோல வளைந்திருக்கும், வெளியே நின்றே பார்க்கலாம். நான் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால் முதல் வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

என் குறிப்பில் இருந்த முதல் வரி இது: ஆசீர்வாதம், எலக்ட்ரீசியன், மாடம்பாக்கம், முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக நடக்க வேண்டும். வியாழக்கிழமையே அவருக்கும் சிறுசேரிப் பெண்ணுக்கும் போனில், ஜெபக்குழுவிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் வீட்டு வாசலில் யாரோ ஒருவர் ஏணியில் ஏறி விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய ஆள். ஆசீர்வாதம் அண்ணன் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"நான்தாம்மா. நில்லு, எறங்கி வரேன்" என்று படபடவென்று நான்கு படி இறங்கினார்.

"அண்ணே, ஆபரேஷன் எப்போ?"

"இன்னா ஆபரேஷன்?"

"முழங்கால்..."

"அதுவா! அது முடிஞ்சு ஒரு வருசம் ஆவப்போவுதேம்மா. ஏணி மேல பாத்தியே, இந்தக் கால்லதான ஏறுனேன்?" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார். "அதுக்கப்புறம் ரெண்டு தபா வேற குறிப்பு குடுத்தனே, வரலியா? பொண்ணுக்குப் பிரசவம்னு குடுத்தேன். இந்தா, கொயந்தையே வந்துருச்சி பாரு!" உள்ளேயிருந்து அவர் மனைவி ஐந்து மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் குறிப்பு மனப்பாடம் ஆகிவிட்டதால் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஆயரம்மா கொடுத்த நான்கு உறைகளும் என் கைப்பையின் உள்ஜிப்பில் பிரிக்காமலே கிடந்தன. வாங்குவேன், ஜிப்பைத் திறப்பேன், போடுவேன், மூடுவேன். ஒன்றும் தோன்றாத மனதோடு இருப்பவளுக்குப் புதுக் குறிப்பு ஒரு புது பாரமாகத்தான் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் அவரிடமே சொல்லிவிட்டேன். ஒரு வருடமாக ஆறிப்போன முழங்காலுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன், பிரசவத்துக்கு ஜெபிக்கவே இல்லை என்று.

ஆசீர்வாதம் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார், மனைவியை ஒருமுறை பார்த்தார். "அதான் சிசேரியன் ஆயிருச்சா!" என்று பெரிதாகச் சிரித்தார். "இன்னாங்க நீங்க" என்று மனைவி அவர் முதுகில் ஒன்று வைத்தார். "சும்மா சொன்னேம்மா, மனசுல வெச்சிக்காத. முட்டிக்கு எக்ஸ்ட்ராவா பண்ணிக்கிற, நல்லதுதான். அந்தப் பக்கத்து முட்டி வலிக்குது, இது வலிக்கல, பாத்துக்க." இட்லி சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று இருவரும் நின்றதால் நான்கு இட்லி சாப்பிட்டேன். குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறதாம், அதை எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது மணி 9.20. வெட்கமாக இருந்தது, ஆனால் ஏனோ கொஞ்சம் சிரிப்பும் வந்தது. நான் செத்துப்போன மனதோடு பழைய சீட்டைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த மனிதர் பாட்டுக்குக் குணமாகி ஏணியில் ஏறியிருக்கிறார்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் திரும்ப 15 ரூபாய். அங்கே மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும் பேருந்து 9.45க்கு வந்தது. முன்பக்கம் பிங்க் வண்ணம் அடித்த சாதாரணப் பேருந்து, பெண்களுக்கு இலவசம், ஜன்னல் இருக்கையும் கிடைத்தது. 13 கிலோமீட்டர். மேடவாக்கம் கூட்டுச்சாலையில் மட்டும் பத்து நிமிடம் நின்றோம். அந்தப் பத்து நிமிடத்தில் கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்தேன்.

முதல் உறையில், "ஸ்தோத்திரம்: ஆசீர்வாதம், அறுவை சிகிச்சை நலமாக முடிந்தது" என்று இருந்தது. ஆயரம்மாவின் உருண்டையான கையெழுத்து. இரண்டாவது உறையில் பிரசவம். அதே உறையில், அதற்குக் கீழே, "ரூத்தம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மகள் பிரமிளாவின் ஆறுதலுக்காக" என்றிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் கொடுத்த உறை அது.

என் பழைய குறிப்பின் இரண்டாவது வரி: ரூத்தம்மாள், சர்க்கரை முந்நூற்று இருபது, குறைய வேண்டும்.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. அதைத் தவறு என்றே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நானோ எட்டு மாதமாக, சனிக்கிழமை தவறாமல், கல்லறைக்குப் போய்விட்ட ஒரு அம்மாவின் சர்க்கரை குறைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவருடைய மகளைப் பார்க்கப் போகிறேன். நடத்துநர் "சோழிங்கநல்லூர் எறங்கு" என்று சத்தம் போட்டபோது நான் இறங்கி, எதிரே வரும் பேருந்தில் ஏறித் தாம்பரத்துக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அதற்கான பேருந்து நிறுத்தத்தில்கூடப் போய் நின்றுவிட்டேன். பிறகு, பிரமிளா டீ இடைவேளையை எனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்து சாலையைக் கடந்தேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை நடக்கிறது. தடுப்புகளுக்கு நடுவில் நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. கேட்டுக் கேட்டுப் போனால் ஐந்து நிமிடம், கேட்காமல் போனால் இருபது நிமிடம். எனக்கு வந்தது டீலக்ஸ் பேருந்து, சிறுசேரி முனை வரை 9 கிலோமீட்டர், 20 ரூபாய். 10.55க்கு இறங்கி, ஐ.டி. பூங்காவுக்குள் 2 கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, 15 ரூபாய். சனிக்கிழமை என்பதால் உள்ளே சாலைகள் காலியாக இருந்தன. கண்ணாடிக் கட்டடங்களுக்கு எதிரே மரத்தடியில் ஒரு டீக்கடை. 11.15க்குப் பிரமிளா வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு கம்பெனிக் கட்டடத்தின் துப்புரவுப் பணிகளை மேற்பார்வை பார்க்கிறாள், நீல மேல்கோட்டில் பெயர் அட்டை தொங்கியது.

"ஸ்தோத்திரம் ஆன்ட்டி, ரொம்ப தூரம் வந்திருக்கீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தாள்.

உங்கள் ஆறுதலுக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பதினான்கு மாதமாகச் சொன்ன பொய்கள் என் கழுத்துவரை வந்துவிட்டிருந்தன, இன்னொன்றுக்கு இடமில்லை.

"பிரமிளா, ஒண்ணு சொல்லணும். நான் புது சீட்டைப் பிரிக்கவே இல்ல. அம்மா போனது எனக்கு இன்னிக்குக் காலையில பஸ்லதான் தெரியும். எட்டு மாசமா அவங்களுக்கு சுகர் குறையணும்னு ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

அவள் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "எட்டு மாசமாவா?"

"ஆமா."

"எவ்வளவுன்னு போட்டிருந்துச்சு?"

"முந்நூத்து இருபது."

"அது ஆஸ்பத்திரில சேர்க்கறதுக்கு முன்னாடி எடுத்தது ஆன்ட்டி." டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். பிறகு, "அம்மாவுக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா சிரிச்சே செத்திருப்பாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இங்கயுமா சுகரை விடமாட்டீங்கன்னு கேட்டிருப்பாங்க." சிரிப்பு அடங்கவில்லை. என்னாலும் அடக்க முடியவில்லை. டீக்கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள், நானும் அழுதேன். பதினான்கு மாதத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றுதான், அதுவும் ஒரு டீக்கடை பெஞ்சில்.

"வீட்டுல அம்மா பேரை யாரும் எடுக்கறதில்ல ஆன்ட்டி. அப்பா அழுவார்னு நான் எடுக்க மாட்டேன். நான் அழுவேன்னு அப்பா எடுக்க மாட்டார். நீங்க யாரோ, வாராவாரம் எடுத்திருக்கீங்க."

"வாய்தான் சொல்லிச்சும்மா. மனசுல ஒண்ணுமே இல்ல. பொய் சொல்லல, சத்தியமா ஒண்ணுமே இல்ல."

"வாயாவது சொல்லிச்சே" என்றாள்.

மேலாளருக்குப் போன் செய்து இன்னும் இருபது நிமிடம் கேட்டு வாங்கினாள். அம்மாவைப் பற்றிச் சொன்னாள். ரூத்தம்மாளுக்குக் கருவாடு என்றால் உயிராம், டாக்டர் வேண்டாம் என்றும் கேட்கமாட்டாராம், பொங்கலுக்குப் பொங்கல் பக்கத்து வீட்டுக் கோலத்தில் கை வைத்துத் திட்டு வாங்குவாராம். கிளம்பும்போது, "அடுத்த வாரமும் அம்மா பேரைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்காகக் கேட்க முடியாது, நம்ம வழக்கம் உனக்கே தெரியும். உனக்காகக் கேக்கறேன். ரூத்தம்மா மக பிரமிளான்னு சொல்றேன். அதுல பேரு வந்துடும்ல?"

"வந்துடும் ஆன்ட்டி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மணி 11.50.

முனைக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் (15 ரூபாய்) ஏறிய பிறகுதான் யோசித்தேன். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த மணியைக் கைமாற்றத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு அடித்ததும் வழக்கப்படி சுகந்திக்குப் போன் செய்து "முடிச்சிட்டேன்" என்றேன்.

"என்ன குரல் இது, மூக்கடைப்பா?"

"இல்ல, அழுதேன்."

"சரி, வந்து சொல்லு. எனக்கு மணியாச்சு" என்று வைத்துவிட்டாள். சுகந்தி அப்படித்தான்.

முனையிலிருந்து கேளம்பாக்கம் 5.5 கிலோமீட்டர். பிங்க் பேருந்து, இலவசம், 12.35க்கு இறங்கினேன். வெயில் உச்சியில். வண்டலூர் சாலையில் பதினைந்து நிமிடம் நடந்தால் சுகந்தி வீடு. கதவு திறந்தே இருந்தது. அவளுடைய மணி முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அவள் அறைக்குள் முழங்காலில் இருப்பாள் என்று எதிர்பார்த்து மெதுவாக உள்ளே போனேன். சமையலறையில் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். சீட்டை எதிரே எண்ணெய்த் தூக்குமேல் சாய்த்து வைத்திருந்தாள். ஒரு மீனைக் கிள்ளுவாள், ஒரு பெயரைச் சொல்வாள். "அந்தப் பையனுக்கு இந்தத் தடவையாவது விசா கிடைக்கட்டும் ஆண்டவரே, இல்லைன்னா அவங்கம்மா எங்க எல்லாரையும் ஒரு வழி பண்ணிடுவாங்க." என்னைப் பார்த்து, உட்கார் என்று நெத்திலிக் கையால் சைகை காட்டினாள். நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு அடுத்தவருக்குப் போன் செய்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"முட்டி போட மாட்டியா?" என்றேன்.

"ஒரு மணி நேரம் முட்டி போட்டா என்னைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். லிஸ்ட்டைக் கொடு."

கொடுத்தேன். படித்தாள். "ஆசீர்வாதம் பேத்தி, சளி. சரி. அதென்ன, ரூத்தம்மா மக பிரமிளான்னு சேர்த்து எழுதியிருக்க?"

சொன்னேன். ரூத்தம்மாளில் ஆரம்பித்து, பின்னோக்கிப் போய், பதினான்கு மாதத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே குழம்பு கூட்டினாள். முடித்ததும் கோபப்பட்டாள்.

"பதினாலு மாசமா என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் தோணலைன்னு சொல்றது. இதுல என்ன கஷ்டம் உனக்கு? சரி, அதை விடு. நீ அந்தப் பொண்ணுகிட்ட ப்ராமிஸ் பண்ணிட்டு, நான் சொல்லணுமா? இது என்ன நியாயம்?"

"எனக்கு ஒண்ணும் தோணாதே சுகந்தி."

"தோணுமா தோணாதான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சா?"

கேட்கவில்லை. அதை ஒப்புக்கொண்டேன்.

சுகந்தி அடுப்பைக் குறைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எனக்கு உன்கிட்டேருந்து போன் வரும். ஆமா, உனக்கு முன்னாடி மணி யாரு?"

"ஒரு பெரியவர். அவருக்குப் போன் பேச வராது. மெசேஜ்தான் அனுப்புவார்."

"என்ன மெசேஜ்?"

"கட்டைவிரல் படம்."

"பதினாலு மாசமா ஒரு கட்டைவிரலைப் பார்த்துட்டு உக்கார்ந்திருக்க நீ" என்றாள். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "மாத்திக்கலாம். நான் பதினொண்ணு எடுத்துக்கறேன், நீ பன்னெண்டு. நான் முடிச்சிட்டு உனக்குப் போன் பண்றேன். கட்டைவிரல் எனக்கு வரட்டும், எனக்கு ஒண்ணும் ஆகாது."

அங்கேயே ஆயரம்மாவுக்குப் போன் போட்டு, இரண்டு மணியையும் மாற்றி எழுதச் சொன்னாள். என்னிடம் ஒப்புதல்கூடக் கேட்கவில்லை. குறிப்பை மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தாள். எதையோ இறக்கி வைத்ததுபோல அவ்வளவு லேசாக இருந்தது. பிறகு நெத்திலிக் குழம்பும் வறுவலும் சாப்பிட்டோம். லெந்து தொடங்கினால் இரண்டு வீட்டிலும் நாற்பது நாள் மீன் கிடையாது என்பதால் இருவருமே கணக்கில்லாமல் சாப்பிட்டோம்.

3.40க்குக் கேளம்பாக்கத்தில் 515 வரிசைப் பேருந்து. எனக்குக் கிடைத்தது டீலக்ஸ், 35 ரூபாய். தாம்பரத்துக்கு 26 கிலோமீட்டர். புதுப்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை என்று இடையிடையே ஏரிகளும் புதுக் குடியிருப்புகளும் வரும், ஜன்னலோரம் கிடைத்தால் நல்ல பயணம். ஏறியதும் கண்ணை மூடினேன். பரவசம் ஒன்றும் வரவில்லை, முன்போலவே கண்ணை மூடியிருக்கிறேன் என்பதுதான் தெரிந்தது. ஆனால் பயம் போயிருந்தது. நான் ஒன்றும் உணராமல் உட்கார்ந்திருந்த மாதங்களில் ஒரு முழங்கால் ஆறியிருக்கிறது, ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, ஒரு அம்மா போயிருக்கிறார். எதுவும் என் உணர்ச்சிக்காகக் காத்திருக்கவில்லை. எல்லாம் என் தலையில் என்று எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தெரியவில்லை. கண்டிகை தாண்டியதும் நன்றாகத் தூங்கிவிட்டேன். நடத்துநர்தான் தாம்பரத்தில் எழுப்பினார்.

இனி, போகிறவர்களுக்கு. காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், மேடவாக்கம் நெரிசல் ஒன்பதரைக்கு மேல்தான் பிடிக்கிறது. நான் போன திசையிலேயே போங்கள், திரும்பும்போது வெயில் குறைந்து வண்டலூர் சாலை நன்றாக இருக்கும். பெண்கள் பிங்க் பேருந்துக்காகப் பத்து நிமிடம் காத்திருக்கலாம், அதற்கு மேல் நின்றால் வெயிலில் அந்த மிச்சம் கட்டுப்படியாகாது. சோழிங்கநல்லூரில் சாலையைக் கடக்கும்போது அவசரப்படாதீர்கள். சிறுசேரி பூங்காவுக்குள் வெளியாட்களுக்குக் கழிப்பறை கிடைப்பது கஷ்டம், ஆகவே கேளம்பாக்கம் வரை தண்ணீரை அளந்து குடியுங்கள். 515 உங்களை மேற்குத் தாம்பரத்தில் இறக்கிவிடும், ரயில் நிலைய நடைமேம்பாலம் ஏறிக் கிழக்குப் பக்கம் வர எட்டு நிமிடம். நான் வீட்டுப்பக்கம் இறங்கியபோது மணி 5.05.

என்னைப்போல உள்ளே வறண்டுபோய், யாரிடமும் சொல்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால் இரண்டே வார்த்தை. உங்கள் கைப்பையில் பிரிக்காத உறை ஏதாவது கிடந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். உங்களுக்கு அடுத்த மணி யாருடையதோ அவரிடம், ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லிவிடுங்கள். அவர் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமைகள் ஆகிவிட்டன. வறட்சி இன்னும் இருக்கிறது. பேருந்து நேரம், வழி பற்றி வேறு எதுவானாலும் பின்னூட்டத்தில் கேளுங்கள், அன்றன்றைக்கே பதில் எழுதுகிறேன். சனிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அப்போது எனக்கு ஒரு போன் வரும், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் எனக்கு வேலை இருக்கிறது.